ஆராய்ச்சி இதழ் என்னும் நிறுவைக் கொட்டகை



கூலாய் வட்டாரத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் நன்றாகத் தெரியும். மங்கிலிருந்து வாளிக்கு வந்த பால் அப்படியே கணக்கில் ஏறுவதில்லை. பால் கொட்டகையில் அதை நிறுப்பார்கள். ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதிப்பார்கள். அறிவுலகத்திலும் இப்படியொரு நிறுவைக் கொட்டகை உண்டு. அதுதான் ஆராய்ச்சி இதழ்.

தமிழுக்கு அப்படியோர் இதழை நடத்தியவர் தனிநாயகம் அடிகள். இலங்கையில் 1913இல் பிறந்த இவர், 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் முத்திங்கள் இதழை ஆங்கிலத்தில் தொடங்கினார். தமிழின் பெருமையை நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? பிற நாட்டாரும் படித்துச் சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டாமா? இதுவே அவர் எண்ணம். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் போன்றோரும் அதில் எழுதினார்கள். லிஸ்பன் நகரில் 1554இல் அச்சான தமிழ் நூலைப் பற்றி அடிகளே எழுதினார். அந்த இதழ் 1966 வரை வெளிவந்தது.

அடிகள் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இந்திய இயல் துறையில் பணியாற்றினார். முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியதற்கு அவர் உழைப்பே முதற்காரணம். 1969இல் தமிழாராய்ச்சிக்கென மற்றோர் இதழும் அவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது.

இத்தகைய இதழின் ஆசிரியருக்கு என்ன வேலை? எழுத்துப் பிழை திருத்துவது மட்டுமன்று. "இதை எங்கே பார்த்தாய்? யார் சொன்னார்? இதற்கு முன் வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்று அவர் கேட்பார். துறை அறிந்த மற்றொருவரிடமும் கட்டுரையைக் காட்டுவார். குறை இருந்தால் அது திரும்பி வரும். இளம் ஆராய்ச்சியாளருக்கு முதலில் மனம் வாடும். ஆனால் நல்ல ஆசிரியர் வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார். எங்கே தண்ணீர் கலந்திருக்கிறது என்று காட்டி அனுப்புவார். சீவத் தொடங்கிய பிள்ளையின் கையைப் பிடித்து, மரத்தில் காயம் படாமல் சீவக் கற்றுக்கொடுக்கும் தாயைப் போன்றவர் அவர்.

இதில் நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன, லயங்கள் மறைந்தன. பிரட்டுக்களத்துச் சொற்களும், பாட்டிமார் பாடிய தாலாட்டும், கோயில் கட்டிய கதையும் எழுதப்படாவிட்டால் அவர்களோடே போய்விடும். உங்கள் வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறதா? தாத்தாவிடம் கேட்டதை ஊர், ஆண்டு, சொன்னவர் பெயர் ஆகியவற்றோடு எழுதச் சொல்லுங்கள். எழுதியது திரும்பி வந்தால், திருத்தி மறுபடியும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஒருநாள் மழை பெய்து பால் வீணானால், மறுநாள் நாம் உளியைக் கீழே வைத்துவிட்டோமா?