கவசம் கழன்ற செல்

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து மின்சிகரெட்டை நாடு முழுவதும் தடை செய்தது. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டே தடை வந்துவிட்டது. அவசரச் சட்டம் வந்த மூன்றாவது வாரம், அக்டோபர் 9 அன்று, வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தடை செய்யப்பட்ட கருவிக்குள் இருப்பதும் அதே பேட்டரிதான்.

குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோம் மேடையில் நோபல் உரை ஆற்றியவர் ஒரு தமிழர், பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தப் பேட்டரி ஏன் தீப்பிடிக்கிறது, எப்படிச் செய்தால் அவ்வளவு எளிதில் பிடிக்காது என்ற கேள்விக்கு அவருடைய வேலையில் ஒரு முக்கியமான விடை இருக்கிறது. அதற்கு முன் செல்லைப் பார்த்துவிடுவோம்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் டார்ச் பழுது பார்ப்பவர்களும் ட்ரோன் செய்யும் கல்லூரி மாணவர்களும் கேட்டு வாங்குவது 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசியில் உள்ள சுழி, உருளை வடிவம் என்பதைக் குறிக்கிறது. லேப்டாப், பவர் பேங்க், மின் ஸ்கூட்டர், பெரிய வகை மின்சிகரெட் என்று எல்லாவற்றிலும் இதுவோ இதன் உறவுக்கார அளவுகளோ இருக்கின்றன. ஒன்றை எடுத்து மேல்முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் சற்றே எழும்பிய மூடி, அது நேர்முனை. அடிப்பகுதிதான் எதிர்முனை என்று பலரும் நினைக்கிறார்கள். அடிப்பகுதி மட்டுமல்ல, பக்கச் சுவர் முழுவதுமே எதிர்முனை. அந்த எஃகுச் சுவர் மேலே ஏறி, உள்பக்கமாக மடிந்து, நேர்முனை மூடிக்கு ஓரிரு மில்லிமீட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய வளையமும், வெளியே சுற்றிய பிளாஸ்டிக் உறையின் விளிம்பும்தான்.

அந்த உறை ஓர் இடத்தில் கிழிந்திருந்து, பேன்ட் பையில் வண்டிச் சாவியோ ஐந்து ரூபாய் நாணயமோ அந்த ஓரிரு மில்லிமீட்டரைத் தொட்டுக்கொண்டு நின்றால் ஷார்ட் சர்க்யூட். நல்ல செல்லின் உள்மின்தடை ஓர் ஓமில் நூற்றில் சில பங்குதான் என்பதால், அந்த நேரத்தில் பாயும் மின்னோட்டம் நூறு ஆம்பியரைக்கூடத் தொடலாம். வீட்டில் ஏ.சி.க்குப் போடும் பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியருக்கானது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 முடியச் செய்திகளில் வந்த மின்சிகரெட் தீ விபத்துகளையும் வெடிப்புகளையும் தொகுத்ததில் மொத்தம் 195 சம்பவங்கள், 133 பேருக்குக் காயம், அவர்களில் 38 பேருக்குப் பலத்த காயம். 61 சம்பவங்களில் கருவியோ உதிரி பேட்டரியோ பைக்குள் இருந்திருக்கிறது. ஆகவே இந்த விபத்துகளில் கணிசமானவை புகைக்கும்போது நடந்தவை அல்ல. நடந்து போகும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் தொடையருகே நடந்தவை. மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் மருத்துவர்கள் தீக்காயத்தோடு காரப் பொருள் பட்ட காயத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

மின்சிகரெட்டின் வடிவமைப்பு எளிமையானது. பேட்டரி, ஒரு சுவிட்ச், நிக்ரோம் போன்ற கம்பியில் சுற்றிய காயில், காயிலுக்குள் பஞ்சு, பஞ்சில் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் நிக்கோட்டினும் கலந்த திரவம். காயில் சூடேறினால் திரவம் ஆவியாகிறது. 2003-ல் சீன மருந்தியலாளர் ஹோன் லிக் இன்றைய வடிவத்துக்கு வழி திறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் இதே எண்ணத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது சந்தைக்கு வரவில்லை. கைக்குள் அடங்கும் அளவில் அத்தனை ஆற்றல் தரும் பேட்டரி அன்று கிடையாது. சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல்தான்.

ஆபத்து எங்கே கூடுகிறது என்றால், கருவியைத் தன் விருப்பத்துக்குச் செய்துகொள்வதில். மேலை நாடுகளில் 'மெக்கானிக்கல் மாட்' என்று ஒரு வகை உண்டு. ஓர் உலோகக் குழாய், உள்ளே செல், அடியில் பொத்தான். நடுவில் மின்னணுப் பலகை எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் செல் நேராகக் காயிலோடு சேர்ந்துவிடும். காயிலை அவரவரே சுற்றிக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியே இதன் தலையெழுத்தைச் சொல்லிவிடும். முழுதாக சார்ஜ் ஏறிய செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். காயிலின் மின்தடை 0.2 ஓம் என்றால் மின்னோட்டம் 21 ஆம்பியர். நல்ல நிறுவனங்களின் அதிக மின்னோட்டச் செல்களில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் தொடர் வரம்பே 20 ஆம்பியர்தான். கம்பியில் சில சுற்று குறைந்து 0.1 ஓம் ஆகிவிட்டால் 42 ஆம்பியர். இரண்டு செல்லை வரிசையாக அடுக்கினால் அழுத்தம் இரட்டிப்பு. கூடவே வேறொரு தொல்லையும் சேரும். இரண்டில் பழையது முதலில் காலியாகிவிடும், மற்றது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், காலியான செல்லின் முனைகள் தலைகீழாகும். டார்ச்சில் பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

செல்லுக்கு உள்ளேயே தயாரிப்பாளர்கள் வைக்கும் கவசங்கள் உண்டு. சூடானால் மின்தடை கூடி மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு வளையம். உள்ளழுத்தம் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு தகடு. அதற்கும் மேல் போனால் கிழிந்து வாயுவை வெளியேற்றும் ஒரு திறப்பு. அதிக மின்னோட்டம் தரவேண்டிய செல்களில் அந்த முதல் வளையத்தைப் பெரும்பாலும் வைப்பதில்லை, மின்னோட்டத்தை அது தடுக்கும் என்பதால். மிச்சப் பாதுகாப்பு வெளியே இருக்கும் சர்க்யூட்டின் பொறுப்பு. குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்துவது, ஷார்ட் ஆனால் நிறுத்துவது, செல்லைத் தலைகீழாகப் போட்டால் வேலை செய்யாமல் இருப்பது, பொத்தான் பைக்குள் தானாக அழுந்தினால் சில நொடிகளில் துண்டிப்பது எல்லாம் அதன் வேலை. மெக்கானிக்கல் மாடில் அந்தச் சர்க்யூட் இல்லை. செல்லின் உள்கவசம், வெளியே இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் குறைக்கப்பட்டது, அந்த இன்னொன்றும் நீக்கப்பட்டுவிட்டது.

குழாயின் வடிவமும் எதிரி. செல் வாயுவைக் கக்கும்போது குழாயில் போதிய துளை இல்லையென்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பலவீனமான இடம் முனைதான். ஒரு முனை பிய்ந்தால் மறுபாதி ராக்கெட் போல எதிர்த்திசையில் பாயும். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் இப்படிப்பட்ட கருவி வெடித்துத் தலையில் பாய்ந்ததில் இறந்தார். அடுத்த ஆண்டு டெக்சாஸில் இன்னொருவர், கழுத்துத் தமனி அறுபட்டு. அடியில் நாலு துளை, உள்ளே ஒரு ஃபியூஸ், பொத்தானுக்கு ஒரு பூட்டு. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இந்த வெப்பம் ஏன் கட்டுக்கடங்காமல் போகிறது? செல்லுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வால் பிரிக்கப்பட்டு, பாய் சுருட்டியதுபோல் சுருட்டப்பட்டிருக்கின்றன. நடுவே எளிதில் தீப்பற்றும் கார்பனேட் கரைப்பான். சுமார் 100 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது எதிர்முனைமேல் படிந்திருக்கும் பாதுகாப்புப் படலம் சிதைந்து வெப்பத்தை வெளியிடும். சுமார் 130 டிகிரியில் பாலித்தீன் சவ்வு உருகும். அதற்கும் மேலே போனால் நேர்முனையில் உள்ள கோபால்ட் ஆக்சைடு தன் ஆக்சிஜனை விடுவிக்கும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும் தீ இது. மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே வினை நிற்காது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் வெப்பம் அடுத்த செல்லுக்குத் தாவாமல் இருக்கும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டு. அதைச் சுவாசிக்கும் தூரத்தில் நிற்கக்கூடாது.

மந்திரத்தின் பங்கு இங்கே வருகிறது. 1980-களில் குட்இனஃபும் அவரும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்ஃபேட் போன்ற பல அணு எதிரயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை நேர்முனையாக ஆராய்ந்தார்கள். அவற்றில் ஆக்சிஜன், கந்தகத்தோடு வலுவாகப் பிணைந்திருக்கும். அந்தத் தடத்திலேயே 1997-ல் குட்இனஃப் ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோரின் வேலையாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. அதில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருக்கிறது. சூடானாலும் எளிதில் விடாது. மின்னழுத்தமும் ஆற்றலும் சற்றுக் குறைவு, அதே ஆற்றலுக்குச் செல் பெரிதாக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கும் மின் ஆட்டோவுக்கும் அது ஒரு பொருட்டே அல்ல. பாக்கெட்டுக்குள் அடங்க வேண்டிய கருவிகளைச் செய்பவர்கள்தான் ஆக்சைடை விட மறுக்கிறார்கள்.

நமக்கு வெகு அருகிலேயே இந்தப் பாடம் உயிர்ப்பலியோடு வந்தது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். சில நாட்களில் சென்னை மஞ்சம்பாக்கத்தில் சாலையோரம் ஒரு ஸ்கூட்டர் எரிந்தது. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது, ஐதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் டாடா நரசிங்க ராவ் அதன் தலைவர். அந்நிறுவனத்தின் பேட்டரி ஆய்வு மையம் தரமணியில், ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இருக்கிறது. அதே தரமணியின் சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் லித்தியம் அயனி செல் தயாரிக்கும் கூடமும் இருக்கிறது. குழுவின் பரிந்துரைகளுக்குப் பின் மின் வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டது. ஒரு செல் எரிந்தால் அது பேக் முழுதும் பரவுகிறதா என்று சோதிப்பது அதில் ஒன்று. ஸ்கூட்டர் விற்பவர் இனி அந்தச் சோதனையைத் தாண்டி வரவேண்டும்.

மின்சிகரெட் விற்பவர் எதையும் தாண்டி வரவேண்டியதில்லை. 2019 சட்டப்படி தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாமே குற்றம். இவற்றில் சேமிப்பு தவிர மற்றவற்றுக்கு முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிக்கோட்டினுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அடிமையாக்கும் ஒரு பண்டத்தைத் தடுத்தது சரியென்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் விமான நிலையச் சுங்கத் துறையினர் பிடித்துக்கொண்டே இருக்கும் அளவுக்கு அவை வந்துகொண்டிருக்கின்றன. தடை செய்யப்பட்ட பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்காது. குறைபாடு தெரிந்தால் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிக்க நிறுவனம் இருக்காது. வெடித்தால் புகார் கொடுக்க வாங்கியவர் முன்வரமாட்டார். கல்லூரி விடுதியில் மகன் மறைத்து வைத்திருக்கும் கருவியின் செல் எங்கே தயாரானது என்று யாருக்கும் தெரியாது.

தியாகராய நகர் நடைபாதையில் வாங்கும் பவர் பேங்க், பேட்டரிக் கைவிசிறி இவற்றிலும் இதே சந்தேகம் எழ வேண்டும். பழைய லேப்டாப் பேக்கைப் பிரித்தெடுத்த செல்லுக்குப் புது உறை போட்டு '9,900 எம்.ஏ.எச்.' என்று அச்சடித்து விற்கிறார்கள். 18650 அளவில் இன்று பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்லே சுமார் 3,500 எம்.ஏ.எச்.தான், உறைமேல் அதைவிடப் பல மடங்கு எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே போதும், வாங்காதீர்கள். எடை இன்னொரு சாட்சி: நல்ல செல் 45 கிராமைச் சுற்றி இருக்கும். இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூடாகும் சார்ஜரையும், வயிறு உப்பிய போன் பேட்டரியையும் அன்றே ஒதுக்குங்கள். தூங்கும்போது தலைமாட்டில் சார்ஜ் போடாதீர்கள். ஸ்கூட்டரை வெளியேறும் வாசலை அடைத்து நிறுத்தி சார்ஜ் போடவே கூடாது. தீ வந்தால் ஓட வேண்டிய வழி அதுதான். சித்திரை வெயிலில் ஓட்டி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் சற்று ஆறவிடுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மின்சிகரெட்டுகளுக்குள் இருக்கும் செல்கள் நூற்றுக்கணக்கான முறை மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடியவை என்று 2023-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அவற்றைத் தடை செய்துவிட்டது. இங்கே அவை போய்ச் சேரும் இடம் குப்பைத் தொட்டி. குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கும் செல்லின் சவ்வு கிழியும், தீ பிறக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடமும் இறக்குமதியாளரிடமும் ஒப்படைக்கின்றன. கள்ளச் சந்தைப் பொருளுக்குத் தயாரிப்பாளர் என்று யாருமே பதிவில் இல்லை. மயிலாப்பூர் சந்துகளில் காலை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரின் கைதான் அந்தச் செல்லை முதலில் தொடுகிறது. வீட்டில் பழைய செல் எது கிடைத்தாலும் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் சேர்க்காமல், தனிப் பையில் போட்டு, உள்ளே பேட்டரி இருக்கிறது என்று வாயால் சொல்லி அவரிடம் கொடுங்கள்.