விரல் நுனியில் ஒரு முதலை

பெங்களூரு சுல்தான்பாளையத்தில் 2015 ஜூனில் நடுத்தெருவில் முதலை தோன்றியது. சாலையில் விழுந்திருந்த 12 அடிப் பள்ளத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, அதில் 20 கிலோ எடையுள்ள பொம்மை முதலையைக் கிடத்தியவர் ஓவியர் பாதல் நஞ்சுண்டசுவாமி. செலவு 6,000 ரூபாய், சொந்தப் பணம். புகார்களுக்கு அசையாத மாநகராட்சி முதலைக்கு அசைந்தது. பள்ளம் மூடப்பட்டது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது காக்ஸ் டவுன். கன்டோன்மென்ட் காலத்துக் கலெக்டரின் பெயரைச் சுமக்கும், கடைத்தெருவில் இன்றும் தமிழ் தாராளமாகக் காதில் விழும் பேட்டை. இங்கே வசிப்பவர்களுக்குச் சுவர் ஓவியம் புதிதல்ல. 2009இல் மாநகராட்சி ஊரெங்கும் சுவர்களில் ஹம்பியையும் யானைகளையும் வரையச் சொன்னபோது, பிளக்ஸ் பேனர் வந்து பிழைப்பை இழந்திருந்த சினிமா பேனர் ஓவியர்கள் பலருக்குத் தூரிகை திரும்பக் கிடைத்தது. பின்னர் கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்துக்குள்ளும் ஓவியம் நுழைந்தது. இப்போது அது இறங்கியிருக்கும் இடம் ஒரு சென்டிமீட்டர் அகலச் சுவர்: பெண்களின் நகம்.

வேடிக்கை என்னவென்றால், நெயில் பாலிஷும் தெருவிலிருந்து வந்ததுதான். 1920களில் கார்களுக்கு அடித்த பளபள லாக்கர்தான் இதற்கு முன்னோடி. நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்த கலவை. கரைப்பான் ஆவியானால் பூச்சு இறுகிவிடும், அவ்வளவே. மருதாணி அரைத்த வீடுகளுக்குள் அந்தச் சின்னப் புட்டி நுழைந்து பல தலைமுறை ஆகிவிட்டது.

சிக்கல் ‘ஜெல்’ வகையில்தான் தொடங்குகிறது. பார்லரில் ஆகும் செலவைப் பார்த்து மலைப்பவர்கள், ஆன்லைனில் வரும் ஜெல் பெட்டியையும் குட்டி விளக்கையும் வாங்கிவிடுகிறார்கள். ஜெல் காற்றில் உலர்வதில்லை. அதிலுள்ள அக்ரிலேட் ரசாயனங்கள் புற ஊதா ஒளியில் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. விளக்கின் சக்தி போதாவிட்டால் மேலே பளபளப்பு, உள்ளே அரைவேக்காடு. அது தோலில் படும்போது ஒவ்வாமை உண்டாகலாம்: அரிப்பு, கொப்புளம், சிலருக்கு நகமே கழன்றுவிடுவது. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே வரும். பல் அடைப்பதற்கும் மூட்டு மாற்று சிகிச்சையில் எலும்பைப் பிடிக்கும் சிமென்ட்டுக்கும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான் பயன்படுகின்றன என்பதால், இருபது வயதில் செய்த அலங்காரம் அறுபது வயதில் ஆஸ்பத்திரியில் கணக்குக் கேட்கக்கூடும். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே எச்சரித்தது. ஜெல்லில் சேர்க்கப்படும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணம் வேறு, இனப்பெருக்கத்தைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம்.

ஆகவே வீட்டில் செய்ய நினைப்பவருக்குப் பழைய நெயில் பாலிஷே உத்தமம். தெரு ஓவியத்தின் கரடுமுரடான அழகுக்கு அதுதான் பொருந்தவும் செய்கிறது. நகத்தைச் சுற்றித் தோலில் வாஸலின் தடவிக்கொண்டு, நிறமற்ற பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் வெள்ளை அல்லது சிமென்ட் நிறம் ஒன்று. இது சுவர். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைச் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தடவி நகத்தில் ஒற்றினால், ஸ்பிரே அடித்ததுபோல் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும். வெங்காயப் பை வலையை நகத்தின்மீது இழுத்துப் பிடித்து ஒற்றினால் கம்பி வேலி. இளநீர்க் கடை ஸ்ட்ராவின் நுனியைப் பாலிஷில் தொட்டு, மறுமுனையில் ஊதினால் தெறிப்பு. முதலில் காகிதத்தில் ஊதிப் பழகுவது நல்லது, சுவரிலும் தெறிக்கும்.

முதலைக்கு வருவோம். பச்சைத் தரையில் பல்குத்தும் குச்சியால் அடர்பச்சைப் புள்ளிகள், இரண்டு வெள்ளைப் பொட்டுக் கண்கள், பள்ளத்தின் விளிம்புக்குக் கறுப்புக் கோடு. கறுப்பைக் கடைசியில்தான் தொட வேண்டும். மெல்லிய கோடுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அக்ரிலிக் வண்ணமும் ஜீரோ நம்பர் பிரஷும் போதும். தண்ணீரில் கரைவதால் தப்பினால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். அது நன்றாகக் காய்ந்தபின் மேலே நிறமற்ற பூச்சு. ஐந்து விரலிலும் படம் வேண்டாம். ஒன்றில் முதலை, மற்றவற்றில் வெறும் சுவர் என்றால்தான் பார்வை நிற்கும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிப்பவை, அடுப்பும் விளக்கும் எரியும் இடத்தில் உட்காரக் கூடாது. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அடிவரை இறுக நேரம் பிடிக்கும். அதுவரை பாத்திரம் தேய்க்க முடியாது. அந்த வேலையை வீட்டில் வேறு யார் தலையில் கட்டுவது என்பதுதான் ஓவியத்தைவிடக் கடினமான பகுதி.