‘10 நாளில் 5 கிலோ’ விளம்பரங்கள்... உண்மையில் உடம்பில் குறைவது எது?

கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். பிரசவமாகி ஆறு மாதம் ஆகியும் பழைய பிளவுஸ் ஒன்றுகூடப் போட முடியவில்லை. பிளஸ் டூ படிக்கும் பையனை வகுப்பில் ‘குண்டா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில்தான் மொபைலில் அந்த விளம்பரம் கண்ணில் படும். ‘10 நாளில் 5 கிலோ குறையும். உடற்பயிற்சி தேவையில்லை. 100 சதவிகிதம் இயற்கை. பக்க விளைவே கிடையாது!’ கீழே ஒரு வாட்ஸ்அப் எண். பணம் அனுப்பினால் டப்பா வீடு தேடி வந்துவிடும்.

எடையைக் குறைக்க நினைப்பது நல்ல விஷயம்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடையுடனோ உடல் பருமனுடனோ இருக்கிறார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று அதன் தொல்லைகளும் நமக்குத் தெரியும். தேவை உண்மையானது என்பதால்தான் குறுக்கு வழிக்கும் இவ்வளவு கிராக்கி.

ஆனால், அந்த ‘5 கிலோ’ எங்கிருந்து குறைகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். 5 கிலோவுக்கு 38,500 கலோரி. பத்து நாளில் அது நடக்க வேண்டுமென்றால், ஒரு நாளைக்கு 3,850 கலோரி குறைய வேண்டும்.

அதிக உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுவதே சுமார் 1,660 கலோரிதான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்). எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாக இருக்கும், இரண்டு மடங்காகிவிடாது. அதாவது, பத்து நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் இந்தக் கணக்குப்படி கரையக்கூடிய கொழுப்பு இரண்டு கிலோ சொச்சம்தான்.

பிறகு எப்படி எடை மெஷினில் ஐந்து கிலோ குறைந்து காட்டுகிறது? பெரும்பங்கு தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி, கல்லீரலிலும் தசைகளிலும் ‘கிளைக்கோஜன்’ என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோறு, சப்பாத்தியைத் திடீரென்று நிறுத்தினால் இந்தச் சேமிப்பு முதலில் காலியாகிறது. கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. பட்டினி நீண்டால் தசையும் கரையத் தொடங்கும். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் தண்ணீர் திரும்பி வந்துவிடும். போன தசை அவ்வளவு சுலபத்தில் வராது.

‘ஸ்லிம்மிங் டீ’ என்ன செய்கிறது?

எடை குறைக்கும் டீ, பொடி பலவற்றில் நிலாவாரை இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுப்பார்களே, அதேதான். சாப்பாட்டில் இருக்கும் கலோரியை உடல் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சிவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வது பெருங்குடலில். அதனால் வெளியே போவது தண்ணீரும், சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான். வயிறு லேசாகிவிட்டது போலத் தோன்றும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தினமும் குடித்துப் பொட்டாசியம் அதிகமாகக் குறைந்தால், கை கால் சோர்வில் ஆரம்பித்து இதயத் துடிப்பே தாறுமாறாகும் அபாயம் உண்டு.

டப்பாவில் எழுதாத மருந்து

சில கேப்ஸ்யூல்களைச் சாப்பிட்டால் நிஜமாகவே பசி எடுக்காது. ‘மூலிகை வேலை செய்கிறது’ என்று சந்தோஷப்படுவோம். கவலைப்பட வேண்டிய இடமே அதுதான்.

சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1990-களின் இறுதியிலிருந்து எடை குறைப்புக்காக மருத்துவர்களே எழுதிக்கொடுத்த மருந்து இது. இதய நோயாளிகளும், அந்த ஆபத்து உள்ளவர்களுமாகச் சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், இதை எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளுக்கான ஆபத்து 16 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. 2011-ல் இந்தியாவும் தடை செய்தது.

ஆனால், அது ‘மூலிகை’ டப்பாக்களுக்குள் புகுந்துகொண்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை, மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்ட 776 சப்ளிமென்ட்களைக் கண்டறிந்து எச்சரித்தது. அவற்றில் சுமார் 41 சதவிகிதம் எடை குறைப்புக்கானவை. அந்த எடை குறைப்பு சப்ளிமென்ட்களில் 85 சதவிகிதத்தில் இருந்தது சிபுட்ரமின். லேபிளில் பெயரே இல்லாததால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கும் தான் எதை விழுங்குகிறோம் என்பது தெரியாது.

குடம்புளி நல்லதுதானே?

கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி, ‘கார்சினியா’ என்ற பெயரில் உலகம் முழுக்க கேப்ஸ்யூலாக விற்கிறது. 1998-ல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரங்கள் சோதித்தார்கள். கார்சினியா சாப்பிட்டவர்களுக்கும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தச் சத்து உள்ள சப்ளிமென்ட்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியோ மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன.

க்ரீன் டீயும் அப்படித்தான். கப்பில் குடிப்பது வேறு. பல கப் சாறைச் சுண்டக்காய்ச்சி ஒரே மாத்திரையில் அடைப்பது வேறு. க்ரீன் டீயில் உள்ள இ.ஜி.சி.ஜி என்ற பொருளை சப்ளிமென்ட்டாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம், அதற்கு மேல் எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. குழம்பில் போடும் அளவு சமையல். கேப்ஸ்யூலில் அடைக்கும் அளவு மருந்து.

பட்டினி கிடந்தால்?

‘நான் மாத்திரையே போடவில்லை, ஜூஸ் மட்டும்தான் குடிக்கிறேன்’ என்பவர்களும் யோசிக்க வேண்டும். 2025-ல் கேரளாவில் ஓர் இளம்பெண்ணும், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மாணவரும் இணையத்தில் பார்த்த கடும் டயட்டைப் பின்பற்றி உயிரிழந்ததாக வந்த செய்திகள் நம்மை உலுக்கின.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-ல் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதங்கள் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று பல ‘டயட் சார்ட்’கள் தருவதைவிட அதிகம்! அதற்கே அவர்களின் இதயத் துடிப்பு குறைந்தது. எப்போதும் குளிர், சோர்வு, மனச்சோர்வு, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சோதனை முடிந்த பிறகும் பலரால் சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இதைத்தான் நம் வீடுகளில் ‘டயட்டை விட்டதும் முன்னைவிட வெயிட் போட்டுட்டேன்’ என்று சொல்லக் கேட்கிறோம். வேகமாக எடை இழப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல், முடி உதிர்தல், மாதவிடாய் தள்ளிப்போதல் ஆகியவையும் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி, உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். சப்ளிமென்ட் என்றால் லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண்ணும், ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்ற வாசகமும் இருக்க வேண்டும். இவை இருப்பதாலேயே பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. இல்லையென்றால் தொடவே கூடாது.

செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகளும் இப்போது பேசப்படுகின்றன. அவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று வாங்கிப் போடுவது ஆபத்து.

அப்படியென்றால் வழி?

* வாரத்துக்கு அரை கிலோ குறைவது பாதுகாப்பானது. எடை குறைப்பு உணவு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2024 வழிகாட்டி.

* 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே ரத்தச் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும். 20 கிலோ குறைந்தால்தான் பலன் என்று இல்லை.

* தட்டில் சோற்றைக் குறைத்து, காய்கறி, பருப்பு, சுண்டல், முட்டை, மீனைக் கூட்டுங்கள். வாரத்தில் 150 நிமிட வேக நடையுடன், தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும்.

* காரணமே இல்லாமல் எடை ஏறினால் தைராய்டு, பி.சி.ஓ.டி போன்றவை இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக எந்த டயட்டிலும் இறங்க வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் நழுவுகிறார்களா? சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறார்களா? ஒரு நாளைக்கு நான்கு முறை எடை பார்க்கிறார்களா? திட்ட வேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள். முதலில் ‘குண்டு’ என்ற கேலியை வீட்டுக்குள்ளாவது நிறுத்துங்கள். பல பிள்ளைகள் ரகசியமாக டப்பா வாங்கத் தொடங்குவது அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான்.

ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்து படபடப்பு, தலைசுற்றல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்நிறமாகப் போவது என்று எது தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கூச்சப்பட்டு மறைக்காமல் அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன சிகிச்சை தருவது என்று மருத்துவர் முடிவெடுக்க அது பெரிய உதவியாக இருக்கும்.