பேண்ட்வித் என்றால் வேகமா, நேரமா?

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய ஊர் கீழக்குயில்குடி. சமணர் மலை, அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில் என லீவு நாளில் போய்வர நல்ல இடம். மலையில் பேச்சிப்பள்ளம் போக, பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் விறுவிறுவென ஏறிவிடலாம். ஒரு கல்லூரி பஸ் வந்து நின்றால் கதையே வேறு. யாருடைய கால் வேகமும் குறையவில்லை, ஆனால் வரிசை நகராது. படியின் அகலம் அவ்வளவுதான்.

பேண்ட்வித் என்பது அந்த அகலம்தான்.

‘நெட் ஸ்பீடு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் வேகமே இல்லை. 40 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் 400 போட்டாலும், ஃபைபர் கேபிளுக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். காசு கொடுத்து வாங்குவது, ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா போகலாம் என்ற அளவை. அதிலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்பது 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட் என்பதால், டவுன்லோடு அதிகபட்சம் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். ‘ஏமாத்திட்டாங்க ப்ரோ’ என்று கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

போனில் சிக்னல் கோடு முழுசாக இருந்தும் ரீல்ஸ் ஏறாமல் சுற்றுவதற்கும் பல நேரம் இதுவே காரணம். கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டுமே. டவரின் அகலத்தை அங்கிருக்கும் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தச் சொல் இன்டர்நெட்டில் பிறந்ததல்ல, ரேடியோவில் இருந்து வந்தது. ஓர் ஒலிபரப்பு எவ்வளவு அகலமான அலைப்பட்டையைப் பிடிக்கிறது என்பதே பேண்ட்வித், தமிழில் பட்டையகலம். இந்தியாவில் மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. எஃப்எம் ஒலிபரப்போ சுமார் 200 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்கிறது. எஃப்எம்மில் பாட்டு நிறைவாகக் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். 1948-ல் கிளாட் ஷானன் இதைச் சூத்திரமாகவே தந்தார்: ஒரு தடத்தில் எவ்வளவு தகவல் போகும் என்பதைப் பட்டையகலத்தோடு இரைச்சலும் தீர்மானிக்கிறது.

அங்கிருந்து ஆபீசுக்கு வருவோம். ‘இந்த வாரம் எனக்கு பேண்ட்வித் இல்ல’ என்றால் ‘டைம் இல்ல’ என்பதன் கௌரவமான வடிவம், அவ்வளவே. ஆனால் மனசுக்கும் ஓர் அகலம் உண்டு, நேரம் கையில் இருந்தாலும் அது சுருங்கலாம் என்று சொன்ன ஓர் ஆய்வு நம் தமிழகக் கரும்புக் காட்டில் நடந்தது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டனர். முல்லைநாதன் தமிழகக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி சோதனைகள் வைத்தார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருவது ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறை. அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம். சோதனை ஒன்றில் ‘5 5 5’ என்று காட்டி, எத்தனை எண்கள் என்று கேட்பார்கள். ‘மூன்று’ என்று சட்டெனச் சொல்ல வேண்டும். வாய் ‘ஐந்து’ என்று வரும், அதை அடக்க வேண்டும். அதே மனிதர்கள், பணம் வந்த பிறகு வேகமாகவும் தப்பு குறைவாகவும் செய்தார்கள்.

ஆலைகள் ஆளுக்கொரு தேதியில் கரும்பு வெட்டச் சொல்வதால், ஒரே மாதத்தில் சிலர் வெட்டியிருப்பார்கள், சிலர் காத்திருப்பார்கள். எனவே வெயில் மழை மேல் பழி போட முடியாது. ‘புத்தி ஓடல’ என்று ஊரில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஷானன் சொன்ன இரைச்சலின் இடத்தில் இங்கே வட்டிக் கணக்கு. முல்லைநாதனும் ஷாஃபிரும் அதே ஆண்டு எழுதிய ‘ஸ்கேர்சிட்டி’ புத்தகத்தில் இதற்கு வைத்த பெயர், பேண்ட்வித்.

இது முடிந்த விவாதமல்ல. 2016-ல் அமெரிக்காவில், சம்பளத்துக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில் இப்படி வித்தியாசம் தெரியவில்லை. சம்பள நாளுக்காகக் காத்திருப்பதும் கரும்புக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் கடன் மானியம், பயிர்க் காப்பீடு, பிள்ளையின் காலேஜ் அட்மிஷன் என நீளமான விண்ணப்பங்களை, கையில் காசில்லாத மாதத்தில் ஒருவரிடம் நீட்டி, தப்பாக நிரப்பினால் ‘விவரம் பத்தாது’ என்று சொல்லிவிடுகிறோம். அதே ஆள் வெட்டுக்கூலி போக மீதிப் பணம் கைக்கு வந்த வாரத்தில் அதே படிவத்தை நிரப்பினால் எப்படி இருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.