ஒரே இசிஜி, இரண்டு அளவுகோல்

இசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டத்தின் உயரம் 1 மில்லிமீட்டர். மாரடைப்பா, இல்லையா என்ற முடிவு சில நேரம் அதில் பாதிக் கட்டத்தில் நிற்கிறது. மார்பின் நடுப்பகுதியைக் காட்டும் வி2, வி3 வரைகளில் எஸ்டி பகுதி 2 மி.மீ. உயர்ந்தால்தான் 40 வயது கடந்த ஆணுக்கு அபாய எல்லை. பெண்ணுக்கு 1.5 மி.மீ. போதும். ஆண்களுக்கு அந்தப் பகுதி இயல்பாகவே சற்று மேடிட்டிருக்கும். இளைஞர்களுக்கு இன்னும் அதிகம் என்பதால் அவர்களுடைய எல்லை 2.5 மி.மீ. ஆகவே நெஞ்சு வலியோடு வந்த பெண்ணின் தாளில் 1.7 மி.மீ. உயர்வு தெரிந்து, அதை ஆண் கணக்கில் படித்தால், அடைபட்ட ரத்தக்குழாய் கவனத்திலிருந்து தப்பிவிடும்.

இதயத் தசை தடித்திருக்கிறதா என்று பார்க்கும் கார்னெல் கணக்கிலும் இப்படித்தான்: ஆணுக்கு எல்லை 28 மி.மீ., பெண்ணுக்கு 20.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது க்யூடி இடைவெளியைத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று, மீண்டும் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சிறுவர் சிறுமியரிடம் இதில் பெரிய வேறுபாடு இல்லை. பருவமடையும்போது டெஸ்டோஸ்டிரோன் சுரந்து ஆண்களுக்கு அந்த நேரம் குறைகிறது. பெண்களுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்துவிடுகிறது. அதனால்தான் நாடித்துடிப்புக்கேற்பத் திருத்திய க்யூடி, ஆணுக்கு 450 மில்லி விநாடியிலும் பெண்ணுக்கு 460இலும் நீண்டதாகக் கருதப்படுகிறது.

ஏற்கெனவே நீண்டிருப்பதை மேலும் நீட்டும் மருந்துகள் உண்டு. சில ஆன்டிபயாடிக்குகள், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள், இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் சோட்டலால் ஆகியவை அந்த வரிசையில் வரும். இடைவெளி அளவு மீறினால் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். ஆள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். மருந்தால் வரும் இந்தக் கோளாறில் பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். 1997 முதல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளில் 8 பெண்களுக்கே கூடுதல் ஆபத்து தந்தவை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2001இல் சொன்னது. ஒவ்வாமைக்கான டெர்ஃபெனடின், அஸ்டெமிசோல், வயிற்றுக்கான சிசாப்ரைடு ஆகியவை அந்த எட்டில் அடங்கும். மூன்றும் இந்தத் துடிப்புக் கோளாறால்தான் வெளியேறின. பெண்களின் க்யூடி நீளமானது என்பது 1920இலேயே பாசெட் என்ற ஆய்வாளர் எழுதிவைத்த செய்தி. அது மருந்துச் சீட்டுவரை வந்துசேர இத்தனை காலம் ஆனது வருத்தத்துக்குரியது.

தலைகீழான நிலையும் உண்டு. புருகாடா என்ற பரம்பரைக் கோளாறின் இசிஜி அடையாளம் ஆண்களிடம்தான் மிக அதிகம்.

தாளின் தலைப்பில் இயந்திரம் அச்சிடும் கணிப்பு, நாம் பதிந்த வயதையும் பாலினத்தையும் வைத்துப் போடப்படுவது. அவசரத்தில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுவதோ, முந்தைய நோயாளியின் விவரத்திலேயே அடுத்தவருக்கு எடுப்பதோ எல்லையையே மாற்றிவிடும். தாளைக் கையில் வாங்கும்போது பெயர், வயது, பாலினம் மூன்றையும் சரிபாருங்கள். க்யூடி நீண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட பெண்கள், காய்ச்சலுக்கோ வாந்திக்கோ போனாலும் அந்தத் தாளை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.