சின்னஞ்சிறு கார்களின் நினைவோட்டம்



ஒருவர் மறைந்துவிட்டால் அவர் விட்டுச் சென்ற வீடு, நிலம், நகை ஆகியவற்றை எவ்வாறு பங்கிடுவது என்பதற்குத் தெளிவான விதிகள் உண்டு. ஆனால் அவர் ஆசை ஆசையாய்ச் சேர்த்து வைத்த சின்னஞ்சிறு பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? விற்றால் விலை போகாது. வீசி எறியவோ மனம் வராது. அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும். காணும்போதெல்லாம் கண் கலங்கும்.

இங்கிலாந்து நாட்டின் சில இல்லங்களில் அந்தப் பொருள்கள் உள்ளங்கையில் அடங்கும் பந்தயக் கார்களாக இருக்கும். வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவு நேரங்களில் அந்த மனிதர் தம் கையாலேயே வண்ணம் பூசி, சக்கரம் செதுக்கி, மோட்டார் பொருத்திய கார்கள் அவை. அவர் மறைந்த பின்பு, அவருடன் விளையாடிய நண்பர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுகிறார்கள். அந்தக் கார்களை ஓட்டுகிறார்கள். அந்த நாளில் சேரும் பணத்தை நோயாளிகளுக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

"வளர்ந்த மனிதர்கள் பொம்மைக் கார் விடுவதா? அதுவும் இறந்தவரின் நினைவாகவா?" என்று நீங்கள் வியக்கலாம். சற்றுப் பொறுங்கள். முழுவதும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

விளையாட்டு பிறந்த கதை

ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்பவர் ஆங்கிலேயக் கருவி வல்லுநர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1947-ஆம் ஆண்டில் 'மினிமாடல்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1952-இல் அவர் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் தகரத்தாலான கார்களை வெளியிட்டார். சாவி கொடுத்தால் ஓடும் கார்கள் அவை. சில ஆண்டுகள் நன்றாக விற்றன; பிறகு விற்பனை தளர்ந்தது.

அப்போது ஒரு கண்காட்சியில் மின்சாரத்தால் ஓடும் சிறு கார்களை அவர் கண்டார். கார்கள் தாமே சுற்றிச் சுற்றி ஓடின. ஓட்டுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேகத்தை விளையாடுபவரின் கையில் கொடுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். ஓடுபாதையில் நீளமான பள்ளம் ஒன்றை அமைத்தார். அதன் இரு ஓரங்களிலும் உலோகப் பட்டை பதித்து மின்சாரம் பாய்ச்சினார். காரின் அடியில் ஒரு சிறு நாக்கு. அது பள்ளத்தில் இறங்கி வழி காட்டும். கையில் ஒரு விசை. அழுத்தினால் கார் பாயும், விட்டால் தளரும். 'ஸ்கேலெக்ஸ்' என்பதோடு 'எலெக்ட்ரிக்' சேர்ந்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' ஆயிற்று. 1957-இல் ஹாரோகேட் நகரின் பொம்மைக் கண்காட்சியில் அது அறிமுகமானது. மறு ஆண்டே 'லைன்ஸ் பிரதர்ஸ்' என்ற பெரிய பொம்மை நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

1960-களில் இந்த விளையாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காட்டுத் தீ போலப் பரவியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மோகம் தணிந்துவிட்டது. ஆயினும் அன்று சிறுவர்களாய் இருந்தவர்களில் சிலர் அதனைக் கைவிடவில்லை. ஊர்தோறும் சிறு சிறு மன்றங்களாய்ச் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய தலையில் இன்று நரை கண்டுவிட்டது. ஆகவேதான் அந்த மன்றங்களில் நினைவு நாள்களும் அதிகமாகின்றன.

மண்டபத்துக்குள் நுழைவோம்

இத்தகைய ஒரு நாள் எவ்வாறு நடைபெறும்? ஏதேனும் ஓர் ஊர்ப் பொது மண்டபத்தை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவே இடுப்பளவு உயரத்தில் மரப் பலகையால் ஆன ஓடுபாதை வளைந்து நெளிந்து கிடக்கிறது. அதில் நான்கு அல்லது ஆறு தடங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வண்ணம். கார்கள் பெரும்பாலும் உண்மைக் காரின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் இங்கே பதினான்கு சென்டிமீட்டராய்ச் சுருங்கி நிற்கும்.

காலையில் கார்கள் சோதனைக்கு வைக்கப்படுகின்றன. எடை, சக்கரத்தின் அகலம், மோட்டார் ஆகிய அனைத்தும் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். விளையாட்டுத்தானே என்று எவரும் விட்டுக் கொடுப்பதில்லை. பிறகு பந்தயம் தொடங்குகிறது. வளைவின் வெளிப்புறத் தடத்தில் ஓடுபவருக்குத் தூரம் அதிகம். உட்புறத் தடத்தில் ஓடுபவருக்கு வளைவு கடினம். எனவே ஒவ்வொருவரும் எல்லாத் தடங்களிலும் முறை வைத்து ஓட்ட வேண்டும். அத்தனை தடங்களிலும் சுற்றிய சுற்றுகளைக் கூட்டித்தான் வெற்றி கணக்கிடப்படும். நல்ல தடம் ஒருவருக்கே வாய்த்தது என்ற குறைக்கு அங்கே இடமில்லை.

மறைந்தவர் எந்த வகைக் காரை விரும்பினாரோ, அந்த வகைக் கார்களையே அன்று ஓட்டுவது வழக்கம். பழைய காலப் பந்தயக் கார்கள் மீது அவருக்குப் பற்று என்றால், அவையே அன்று தடத்தில் இறங்கும். அவருடைய மனைவியோ மக்களோ வந்திருந்தால் கோப்பையை அவர்களே வழங்குவார்கள். கோப்பையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. வென்றவரின் பெயரைப் பொறித்து அடுத்த ஆண்டு திருப்பித் தர வேண்டும். மேலே மறைந்தவரின் பெயர். கீழே ஆண்டுதோறும் ஒவ்வொரு பெயராய் வளரும் பட்டியல்.

விழுந்ததைத் தூக்கி வைப்பவர்

இந்த விளையாட்டில் என் நெஞ்சைத் தொட்டது வெற்றி பெறுபவரின் திறமையன்று. வளைவுகளில் காத்து நிற்பவரின் பணிதான்.

வேகம் மிகுந்தால் கார் தடத்திலிருந்து தூக்கி எறியப்படும். ஓட்டுபவர் தம் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நிற்கிறார். அவருக்கு 'மார்ஷல்' என்று பெயர். விழுந்த காரை நொடியில் எடுத்து, அதற்குரிய தடத்தில் மீண்டும் பொருத்துவது அவர் வேலை. இதற்காகத் தனி ஆள் கிடையாது. சற்று முன் ஓட்டி முடித்தவரே இப்போது அங்கே நிற்க வேண்டும். தம்மைத் தோற்கடிக்கக் கூடியவரின் காரையும் அதே விரைவோடு தூக்கி வைக்க வேண்டும். பல மன்றங்களில், இந்தக் கடமையைத் தவறவிடுபவர் தாம் பெற்ற புள்ளிகளை இழக்கிறார்.

சிந்தித்துப் பாருங்கள். தாம் ஓடும் நேரத்தைப் போலவே பிறர் விழும்போது தூக்கி விடும் நேரமும் தம் கணக்கில் சேரும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள், நண்பர் ஒருவர் மறைந்து அவர் குடும்பம் தளர்ந்து நிற்கும்போது கைகட்டி நிற்பார்களா?

பணம் எங்கிருந்து வருகிறது?

நுழைவுக் கட்டணம் ஒரு சிறு தொகை. வீடுகளில் சுட்டுக் கொண்டு வந்த கேக்கும் தேநீரும் விற்கப்படுகின்றன. மறைந்தவரின் கார்களில் சிலவற்றைக் குடும்பத்தார் ஏலத்துக்குக் கொடுப்பதும் உண்டு. அந்தக் கார்களை வாங்குபவர் யார்? பெரும்பாலும் பக்கத்துத் தடத்தில் அவருடன் ஓடித் தோற்ற நண்பர்தான். கடையில் புதிதாகக் கிடைக்கும் விலைக்கு மேல் கொடுத்து, கீறல் விழுந்த பழைய காரை அவர் வாங்குகிறார். காரின் விலை அதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நட்பின் விலை.

குலுக்கல் சீட்டு விற்பதும் அங்கே பரவலான வழக்கம். அந்த வழி நமக்கு ஆகாது என்பது நீங்கள் அறிந்ததே. வியப்பு என்னவென்றால், அந்த நாட்டு வரிச் சட்டமும் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது. வரி செலுத்தும் ஒருவர் அறநிலையத்துக்கு 100 பவுன் நன்கொடை தந்து ஒப்பமும் இட்டால், அரசு அதனுடன் 25 பவுன் சேர்த்துக் கொடுக்கிறது. 1990-இல் தொடங்கிய 'கிஃப்ட் எய்ட்' என்னும் ஏற்பாடு இது. ஆனால் குலுக்கல் சீட்டுக்குக் கொடுத்த காசுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏனெனில் அது நன்கொடை அன்று; பரிசு கிடைக்கும் வாய்ப்பை வாங்குவதற்குக் கொடுத்த விலை. எதையும் எதிர்பாராமல் கொடுப்பதே கொடை என்பதை ஒரு வரிச் சட்டம்கூட ஒப்புக்கொள்கிறது!

மாலையில், கோப்பை வழங்குவதற்கு முன்பாகவே, சேர்ந்த தொகை எவ்வளவு என்று எல்லாருக்கும் கேட்க அறிவித்துவிடுவது நல்ல வழக்கம். பத்துப் பேர் தந்த பணத்துக்குப் பத்துப் பேர் முன்னிலையில் கணக்கு. நம் ஊர் வசூல்களிலும் இந்த ஒழுங்கு ஓங்க வேண்டும்.

ஒரு ஜன்னலின் கதை

அந்தப் பணம் பெரும்பாலும் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, குணமாக முடியாத நோயாளிகளை இறுதிவரை பேணும் 'ஹாஸ்பிஸ்' இல்லம். இங்கிலாந்தில் இத்தகைய இல்லங்கள் நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. அரசு தருவது செலவில் ஒரு பகுதிதான். மீதியைப் பொதுமக்களின் கொடைதான் தாங்குகிறது.

இவற்றின் தொடக்கமே ஒரு நினைவுக் கொடைதான். சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணி லண்டன் மருத்துவமனையில் பணியாற்றியபோது, டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதியைச் சந்தித்தார். உற்றார் எவரும் அருகில் இல்லாமல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தவர் அவர். வலியின்றி, தனிமையின்றி மனிதர்கள் இறுதி நாள்களைக் கழிக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948-இல் அவர் இறந்தார். தம்மிடம் இருந்த 500 பவுனை, அந்த இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாய் இருக்கட்டும் என்று சொல்லி, சிசிலிக்கு விட்டுச் சென்றார். அன்று இல்லமும் இல்லை, இடமும் இல்லை. சிசிலி அதன் பிறகு மருத்துவம் பயின்று டாக்டரானார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1967-இல், தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. ஒரு ஜன்னலைச் சுற்றி ஒரு கட்டடமே எழுந்துவிட்டது!

ஒரு தந்தையின் துயரம்

பெரிய கார்களின் உலகிலும் இத்தகைய கதை உண்டு. மோட்டார் சைக்கிளிலும் பார்முலா ஒன் காரிலும் உலக வாகையர் பட்டம் வென்ற ஒரே மனிதர் ஜான் சர்டீஸ். அவருடைய மகன் ஹென்றி, 2009 ஜூலை 19 அன்று பிரான்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் திடலில், வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தாக்கி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

தந்தை துயரத்தில் உறைந்துவிடவில்லை. மகன் பெயரால் 2010-இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். கென்ட் மாவட்டத்துப் பக்மோர் பார்க் ஓடுதளத்தில் சிறு கார்ட் வண்டிகளில் நன்கொடைப் பந்தயங்கள் நடத்தினார். சேர்ந்த பணம், விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் பறந்து செல்லும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்களுக்கு உதவியது. அந்த ஹெலிகாப்டர்களில் இரத்தத்தையும் எடுத்துச் செல்லும் ஏற்பாட்டுக்கு அறக்கட்டளை துணை நின்றது. மகனை இழந்தவர், பிறர் மக்களின் உயிருக்காக உழைத்தார். 2017-இல் ஜான் சர்டீஸும் மறைந்தார்.

நம் வீட்டு அலமாரி

வாசகர்களே! நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, பெற்றோருக்காகப் பிரார்த்திக்கும் பிள்ளை ஆகிய மூன்றும் இறந்தவருக்குத் தொடர்ந்து நன்மை சேர்க்கும் என்பதை நாம் சிறு வயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். கேட்டதை எந்த அளவுக்குச் செயலாக்கியிருக்கிறோம்? மறைந்தவரின் பெயரால் விருந்துக்கும் பந்தலுக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இல்லையா? அந்த விருந்து மறுநாளே மறந்துபோகிறது. கடன்தான் நினைவில் நிற்கிறது.

பொம்மைக் கார் விடும் அந்த மனிதர்களிடமிருந்து நாம் கார்ப் பந்தயத்தைக் கற்க வேண்டியதில்லை. மறைந்தவர் எதை நேசித்தாரோ, அதன் வழியாகவே பிறருக்கு ஒரு நன்மையை நடத்தி வைக்கும் அந்த எளிய சிந்தனையைக் கற்கலாம். அதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

உம்மாவின் தையல் இயந்திரம் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறதா? எண்ணெய் இட்டு, பக்கத்துத் தெருவில் பிள்ளைகளோடு தவிக்கும் ஒரு விதவைச் சகோதரிக்குக் கொடுங்கள். அவர் தைக்கும் ஒவ்வொரு துணியிலும் உம்மாவின் பெயர் ஓடும். வாப்பாவின் உளியும் இழைப்புளியும் சாக்கில் கட்டிக் கிடக்கின்றனவா? தொழில் கற்றும் கருவி வாங்க வழியில்லாத ஓர் இளைஞன் நிச்சயம் உங்கள் ஊரில் இருப்பான். அண்ணன் படித்த புத்தகங்களைக் கறையான் தின்பதற்கு முன் ஒரு மாணவனின் கையில் சேர்த்துவிடுங்கள்.

அலமாரியில் வைத்துப் பூட்டினால் அவை வெறும் பொருள்கள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சென்றால், நம்மைப் பிரிந்தவர் இந்த மண்ணில் விட்டுச் சென்ற ஓட்டம் இன்னும் நிற்கவில்லை என்று பொருள்.

இன்றே அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.