வளர்ப்பு இல்லமும் வளர்ப்புக் குடும்பமும்

திக்கற்ற பிள்ளைகளைப் பேணுதல் திருச்சபையின் தொன்மையான தொண்டு. யாக்கோபின் நிருபம் (1:27) அதனை மெய்ப்பக்தியின் அடையாளமாகவே கருதுகின்றது. எனினும், எவ்விடத்தில் வைத்துப் பேணுவது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ருமேனிய நாட்டின் அனுபவம் அவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

மக்கட்தொகையைப் பெருக்க விரும்பிய சௌசெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வறிய பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அரசு இல்லங்களில் ஒப்படைத்தனர். 1989இல் அவ்வாட்சி கவிழ்ந்தபோது இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறார் அங்கிருந்தனர். பணியாளர் முறைவைத்து மாறினர். அழுத குழந்தையைத் தூக்குவார் அரிது. அழுதும் பயனில்லை எனக் கண்ட மழலையர் அழுவதையே விட்டனர்.

பின்னர்ச் சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் புக்கரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை ஆய்வுக்குத் தெரிந்தனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏனையோர் வழக்கமான பராமரிப்பிலேயே இருந்தனர். குழந்தையின் வாழ்வைச் சீட்டினால் தீர்ப்பதா என நம் உள்ளம் கூசுகின்றது. ஆயின் அந்நகரில் அக்காலத்தில் வளர்ப்புக் குடும்பங்கள் மிக அரிது. ஆய்வாளரே அவற்றைத் தேடிப் பயிற்றுவித்தனர். எஞ்சியவர் பின்னாளில் குடும்பங்களுக்குச் செல்வதையும் அவர்கள் தடுக்கவில்லை. இவ்விளக்கம் நம் கூச்சத்தைக் குறைக்கிறதேயன்றி முற்றும் நீக்கவில்லை.

நாலரை வயதில், அச்சம், மனச்சோர்வு ஆகிய நோய்கள் வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தோரிடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. கவனக்குறைவு நோயோ அவ்வாறு குறையவில்லை, இதையும் மறைத்தலாகாது. இரண்டு வயதிற்குள் குடும்பத்தை அடைந்தோர் அன்புப்பிணைப்பில் சிறந்து விளங்கினர். ருமேனியா 2004இல் இயற்றிய சட்டம், கடும் ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயதிற்குட்பட்டோரை இல்லங்களில் சேர்ப்பதைத் தடுத்தது.

நம் நாட்டில் 1876–78 பெரும் பஞ்சத்தின்போது மிஷனெரிமார் அமைத்த அநாதை இல்லங்கள் பல உயிர்களைக் காத்தன. அவற்றை ருமேனிய இல்லங்களோடு ஒப்பிடுதல் நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் இன்று நம் இல்லங்களிலுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டியோ சித்தியோ உயிரோடிருப்பின், கட்டடத்திற்குச் செல்லும் காணிக்கையில் ஒரு பங்கு அவ்வீட்டின் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் ஏன் செல்லலாகாது? 2015இன் சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தை இறுதி வழியாகவே கொள்கின்றது.

புக்கரெஸ்ட் பிள்ளைகள் பன்னிரண்டு வயதை எட்டியபோது மீண்டும் ஆராயப்பட்டனர். முதலில் ஏற்ற அதே வளர்ப்புக் குடும்பத்தில் நிலைத்திருந்தோரிடமே மனநோய் அறிகுறிகள் குறைவாயிருந்தன; வீடுவிட்டு வீடு மாற்றப்பட்டோர்க்கு அந்நன்மை அவ்வளவாகக் கிட்டவில்லை.